சட்டைக் கையில் கறுப்புத் துணி

ஆக்லாந்து
ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் லுங்கிசாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்களா, மாடுகள் இந்த வருஷக் குளிரைத் தாங்கினவா. நான் இங்கே உன் அக்கா நோமபேலோ வீட்டில் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருமுன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. எழுத்து கோட்டுக்கு மேலே ஏறுகிறது, கீழே சரிகிறது, மழை பெய்த மறுநாள் ஆற்றங்கரையில் மாடு நடந்த தடம் மாதிரி இருக்கிறது. ஆனால் மகனே, இது என் கை. யாரும் எழுதித் தரவில்லை. எழுபத்தொரு வயது வரை கட்டைவிரலை மையில் தோய்த்தவன் இன்று மேசை முன்னால் உட்கார்ந்து உன் பெயரை எழுதினேன், எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். லுங்கிசா. நான் வைத்த பெயர் கண்ணால் பார்க்க எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷம் தெரியாமலே கூப்பிட்டிருக்கிறேன்.

எப்படிக் கற்றேன் என்று கேட்பாய். இங்குள்ள நம் நாட்டுக்காரர்கள் சனிக்கிழமை காலையில் ரக்பி கிளப்பின் பின்னறையில் பிள்ளைகளுக்கு நம் மொழி சொல்லித் தருகிறார்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் மறந்துபோகும் என்று பயம். உன் அக்கா மகள் லிலிதாவைக் கூட்டிக்கொண்டு போன நான் வெளியே குளிரில் நிற்பானேன் என்று உள்ளே கடைசிப் பலகையில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தவனை நோபாந்து டீச்சர் விடவில்லை. போர்ட் எலிசபெத்தில் நாற்பது வருஷம் பாடம் நடத்திய அம்மா அவர், என்னைக் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "பேலே, பென்சிலை ஏன் மாட்டுக் கயிறு மாதிரி இறுக்கிப் பிடிக்கிறீங்க, அது எங்கயும் ஓடிடாது" என்பார். லிலிதா என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "தாத்தா, உங்க எழுத்து படுத்துத் தூங்குது, எழுப்புங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லும். எட்டு வயசுப் பிள்ளைகள் பதினொன்று, நான் ஒருவன். முதல் மாதம் படித்த சொற்கள் அம்மா, மாடு, நெருப்பு, ஊர். இந்தக் கடிதத்தை டீச்சர்தான் தன் கைபேசியில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார், பிழையை மட்டும் திருத்துவாராம். படிக்காமல் எப்படித் திருத்துவது என்று நான் கேட்கவில்லை.

இத்தனை நாள் நீ கைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொன்னேன் அல்லவா. கைபேசி சமையலறை மேசையில் சத்தமாகப் பேசும், உன் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்பாள், நான் வேறென்ன சொல்வேன். இப்போது எழுத்து வந்துவிட்டது, சொல்கிறேன். உன் அக்கா என்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கிறாள், தரைகூடச் சூடாக இருக்கிறது, ஆனால் நான் அடைபட்டுக் கிடக்கிறேன். போன வருஷம் ஒரு நாள் காலாற நடக்கிறேன் என்று போய் வழி தவறிவிட்டேன், இங்கே எல்லா வீடும் ஒரே வீடு, போலீஸ்காரர்தான் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து அவளும் மருமகன் தோபானியும் வேலைக்குப் போகும்போது அலாரம் போட்டுவிட்டுப் போகிறார்கள், நான் வாசல் கதவைத் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும்படி வீடு அலறும். காலை ஏழு மணியிலிருந்து நான்கு மணி வரை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறேன். காரில் போகும்போது பார்த்தால் இந்த நாடு முழுக்க மாடு, ஒன்றையாவது பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. என் பாஸ்போர்ட் மாடி அலமாரியில் இருக்கிறது, எனக்குத் தெரியும், எடுத்துப் பார்த்ததில்லை. எடுத்து என்ன செய்வேன், விமான நிலையம் எந்தத் திசை என்றே தெரியாது.

இதைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருக்கிறது, அது உனக்கும் தெரியும். உன் அம்மா நோசகேலே போன அன்று பெரியவர்கள் என் சட்டைக் கையில் தைத்த கறுப்புத் துணி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு வருஷம் முடிந்ததும் நம் தொழுவத்து வாசலில் உட்காரவைத்து அவர்கள் கழற்றியிருக்க வேண்டும், நாலாவது மாதமே உன் அக்கா டிக்கெட் அனுப்பி என்னை இங்கே வரவழைத்துவிட்டாள். இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. சட்டை மாற்றும்போதெல்லாம் பிரித்துப் பிரித்துத் தைக்கிறேன், கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. நானே கழற்றக் கூடாது, கழற்றி விடுவதற்கு இங்கே உரிமை உள்ளவர்கள் இல்லை. துக்கக்காரன் கொண்டாட்டத்தில் உட்காரக் கூடாது, சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது, பொழுது சாயுமுன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. கிளப்பில் இறைச்சி சுடும்போது எல்லோரும் நெருப்பைச் சுற்றி நிற்பார்கள், நான் சுவரோரம் நிற்பேன். "பெரியவரே, நெருப்புக்கிட்ட வாங்க" என்பார்கள், நான் கையைக் காட்டுவேன். வரும் டிசம்பரில் ஊருக்கு அனுப்பு, இதைக் கழற்றிக்கொள்கிறேன் என்று உன் அக்காவிடம் நாலு தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பது ஒன்றுதான், போனா திரும்பி வருவீங்களா. நானும் பார்க்கலாம்மா என்று மழுப்பிக்கொண்டே இருந்தேன்.

போன சனிக்கிழமை நம்மவர் அணிக்கும் இந்த ஊர்க்காரர் அணிக்கும் வருஷா வருஷம் நடக்கும் ஆட்டம். கோட்டோரம் கொடி பிடித்து ஓடுகிறவருக்குக் காய்ச்சல். தோபானிக்கு முப்பத்தெட்டு வயசாகியும் இடது ஓரத்தில் ஓடுகிறான், அவன் வந்து, "மாமா, ஊர்ல முப்பது வருஷம் கொடி பிடிச்சீங்களே, இன்னைக்கு ஒரு நாள் பிடிங்க" என்றான். துக்கக்காரன் விளையாட்டுக்குள் போகலாமா என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். நோபாந்து டீச்சர் கொஞ்சம் யோசித்து, "கோடு மைதானத்துக்கு உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல, ஓடுங்க பேலே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மகனே, ஓடினேன். கொடியைக் கையில் வாங்கியதும் முழங்கால் வலியைக் காணோம். மழைச் சேறு, காற்று, இரண்டு பக்கமும் கத்தல், இவ்வளவு தூரம் நான் நேராக ஓடி இரண்டு வருஷம் ஆகிறது, இந்த நாட்டில் என்னை எந்தக் கதவும் நிறுத்தாமல் விட்ட இடம் அந்தக் கோடு ஒன்றுதான். உன் அம்மா நம் ஊர் மைதானத்தில் சோளக் கள் வாளியை இறக்கி வைத்துவிட்டு, "கொடியைத் தூக்குய்யா, நின்னுகிட்டே தூங்குறியா" என்று கத்துவாளே, அந்தக் குரலைத் தேடிக்கொண்டே ஓடினேன்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம், நம்மவர்கள் மூன்று புள்ளி பின்னால். பந்து தோபானி கைக்கு வந்தது, என் பக்கத்துக் கோட்டோரமாகவே பாய்ந்து ஓடி மூலையில் விழுந்து பந்தை வைத்தான், நம் ஆட்கள் எல்லோரும் கூரை பறக்கக் கத்தினார்கள், அந்த ஐந்து புள்ளியோடு ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்கள். ஆனால் விழுவதற்கு ஓர் அடி முன்னால் அவன் காலணி கோட்டை மிதித்தது, மிதித்தால் பந்து வெளியே, புள்ளி இல்லை. நடுவர் தூரத்தில் இருந்தார், பார்த்தவன் நான் ஒருவன்தான். கை தானாகக் கொடியைத் தூக்கிவிட்டது. தோபானி சேற்றிலிருந்து எழுந்து வந்து, "மாமா, நீங்க யாரு பக்கம்?" என்று கேட்டான். உன் காலைத் திருப்பிப் பாரு என்றேன், திருப்பினான், சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவன் காலைச் சேற்றில் தேய்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டான், மற்றவர்கள் விடவில்லை. "பெரியவர் பழைய பழக்கத்தை விடலப்பா, இன்னும் கறுப்புச் சட்டைக்காரங்களுக்குத்தான் கை தட்டுறாரு" என்றான் ஒருவன். நம் நாட்டு அணியின் பச்சைச் சட்டையில் நம் நிறத்தவருக்கு இடமே இல்லாத காலத்தில் நாங்கள் எங்களுக்கென்று ஒதுக்கிய கம்பி வேலிக்குள் நின்றுகொண்டு இந்த நாட்டிலிருந்து கறுப்புச் சட்டையில் ஆட வந்தவர்களுக்குத்தான் கை தட்டினோம், அந்தக் கதையை நான்தான் அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லியிருந்தேன், இப்போது அதையே என் தலையில் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே சிரித்துவிட்டேன், பிறகுதான் சட்டைக் கையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தோபானி, "உங்கப்பா கொடியைத் தூக்கி எங்களைத் தோக்கடிச்சிட்டாரு" என்று உன் அக்காவிடம் முறையிட்டான். ஆஸ்பத்திரி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், அடுப்பில் சோளமாவு கிண்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்று என் பக்கம் திரும்பி, "உங்களுக்குப் பொய் வராதுல்லப்பா. அப்போ இதையும் சொல்லுங்க. டிசம்பர்ல அனுப்பினா திரும்பி வருவீங்களா, மாட்டீங்களா?" என்றாள். கொடியைக் கீழே வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எப்படி மழுப்புவேன். வர மாட்டேம்மா என்றேன். அவள் கரண்டியை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள், கூழ் அடிப்பிடித்தது, தோபானிதான் இறக்கி வைத்தான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், என்னோடு பேச்சு இல்லை. தேநீர் வரும், சாப்பாடு வரும், அலாரம் போட்டுவிட்டுப் போவாள். நான் உண்மையைச் சொல்லித் தப்பித்தேன் என்று நினைத்தேன், முன்பைவிட நெருக்கமாக அடைபட்டதுதான் மிச்சம். புதன்கிழமை சாயங்காலம் வேலை உடுப்போடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கழுத்துப் பட்டையை விலக்கி உள்பக்கத்தைக் காட்டினாள். ஊக்கு குத்திய ஒரு சின்னக் கறுப்புத் துணி. "நீங்க மட்டும்தான் துக்கத்துல இருக்கீங்கன்னு நினைச்சீங்களா? அம்மா போன அன்னைக்கு நானே குத்திக்கிட்டேன். வேலையில வெளிய தெரியக் கூடாதுன்னாங்க, உள்ள குத்திக்கிட்டேன். நீங்க போய்ப் பெரியவங்க முன்னாடி கழட்டிப்பீங்க, அப்புறம் நான் ஒருத்தி இங்க இதோட உக்காந்திருக்கணும். அதுக்குத்தான் உங்களை விடல, போதுமா?" என்றாள். நான் நீயும் வாயேன் என்றேன். "எந்த மூஞ்சியோட வருவேன்? அம்மாவைப் பொதைக்கிறதைக் கைபேசியில பார்த்தவ நான். மண்ணு போடுறப்ப படம் நின்னுபோச்சுப்பா, நடுவுல ஒரு வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றாள். அன்று அவளுக்காகக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீதான் லுங்கிசா. உன் கை வலித்ததே என்றுதான் நான் கவலைப்பட்டேன், அந்தப் பக்கம் என்ன தெரிந்தது என்று நாம் யாரும் கேட்கவே இல்லை. நான் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இன்று காலை அவர்கள் போன பிறகு தண்ணீர் எடுக்க எழுந்தேன். குளிர்பெட்டிக் கதவில் நாட்காட்டி ஒட்டியிருக்கும், அவள் வேலை முறை எல்லாம் அதில்தான் எழுதுவாள். நான் அதைப் பார்ப்பதே இல்லை, இதுவரை எனக்கு அது வெறும் கோலம். இன்று டிசம்பர் பக்கம் மேலே இருந்தது. பன்னிரண்டாம் தேதியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு கோடு இழுத்திருந்தாள், கோட்டுக்கு மேலே நம் மொழியில் ஒரு சொல், நான் முதல் மாதம் படித்த சொல். ஊர். அதற்குக் கீழே சின்னதாக, போக நாலு, வர மூணு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் படித்தேன். அவள், தோபானி, லிலிதா, நான், போக நாலு பேர். வர மூணு. எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை போலிருக்கிறது. குதிக்க வேண்டிய கிழவன் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், மகனே. இரண்டு வருஷமாகக் கேட்ட கதவு திறந்துவிட்டது, திறந்த பிறகுதான் தெரிகிறது, நான் எந்தப் பக்கம் நின்றாலும் என் பிள்ளைகளில் ஒருத்தர் கடலுக்கு அந்தப் பக்கம்தான். லிலிதா என் பலகையில் இனி யார் எழுத்தைக் கேலி செய்யும்.

நீ செய்ய வேண்டியது இது. பெரியவர்களிடம் போய், கறுப்புத் துணி ஒன்றில்லை, இரண்டு என்று சொல். என்னுடையதைக் கழற்ற உன் சித்தப்பா, அவளுடையதைக் கழற்ற உன் அத்தை, இப்போதே சொல்லி வை. கள்ளும் இரண்டு துணிக்குச் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். அவள் வந்ததும் யாரும் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கக் கூடாது, முக்கியமாக உன் அத்தை வாயை நீதான் கட்ட வேண்டும். முதலில் அவளைத் தனியாக அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போ, குழிமேட்டில் கொஞ்சம் மண்ணைக் கிளறி வை, அவள் தன் கையால் ஒரு பிடி போடட்டும். தொழுவத்து வேலியில் தெற்கு மூலை சரிந்து கிடந்ததே, அதை நிமிர்த்திவிட்டாயா. நெற்றியில் வெள்ளை உள்ள பசுவை யார் கேட்டாலும் கொடுக்காதே. கைபேசியில் அக்காவிடம் பேசும்போது ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவளே வாய் திறந்து சொல்லட்டும், அதுவரை நான் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வேன், நீயும் சரிப்பா என்று சொல்.

உனக்கும் உன் வீட்டுக்கும் நம் முன்னோர் துணை இருக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட உயரமாக வளரட்டும். இத்தனை பக்கத்துக்கு இன்று பகல் முழுக்க ஆயிற்று, விரல் மரத்துவிட்டது. அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன், அதற்குள் அவள் என்னிடம் சொல்லிவிட்டால் எழுத்து இன்னும் கொஞ்சம் நேராக இருக்கும்.

உன் அப்பா,
வேலிலே
(கட்டைவிரல் இல்லை, பார்த்துக்கொள்)