இடது கைச் சோறு

அன்புள்ள அக்காவுக்கு,

பாரிச வாயுவில் விழுந்த அப்பாவின் வலப்பக்கம் இன்னும் அசையவில்லை. ரயில்வே லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்; இப்போது யாரும் வருவதில்லை. நான் நின்றுவிட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்டால் நான் சன்னலைச் சாத்திவிடுகிறேன்.

ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறார். "இடது கையால சாப்பிடுங்கப்பா" என்றேன். "கழுவுற கையாலயா?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். இரண்டு நாள் வெறும் காப்பிதான் குடித்தார்.

நேற்று அவர் எதிரே உட்கார்ந்து நானும் இடது கையால் சாப்பிட்டேன். ரசம் முழங்கை வரை வழிந்தது. பக்கத்து வீட்டு நல்லம்மாள் அத்தை எட்டிப் பார்த்து, "என்னடி கருமம் இது? உனக்கும் கை விழுந்துருச்சா?" என்றார். நான் தலையைக் குனிந்து அடுத்த கவளத்தை எடுத்தேன்.

அப்பாதான் குழறிக் குழறிச் சொன்னார்: "எனக்குத் தொணைக்குச் சாப்பிடுறா. நீ போம்மா." பிறகு தட்டை இழுத்துச் சாப்பிட்டார்.

தீபாவளிக்கு அத்தானோடு வருவதாக எழுதியிருந்தாய். "மாப்பிள்ளை முன்னால சாப்பிட மாட்டேன்" என்கிறார் அப்பா. அதற்குமுன் ஒருநாள் நீ மட்டும் வாயேன், அக்கா. கிள்ளானில் காலை ரயில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடலாம். இடது கையால் சாப்பிட்டாலும் தயிர்ச்சோறு அவ்வளவாகச் சிந்தாது. மூன்று தட்டிலும் அதையே போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை