முட்டிக்கு மேலே போகாத பந்து

ஜூன் 9, திங்கள்

கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். 'இ. இளவேனில், தேர்வுக் குழு உறுப்பினர், அனல் மகளிர் கால்பந்து அணி.' மூன்று மாத கான்ட்ராக்ட். அப்பா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவருக்கு அட்டை என்றாலே பெர்மனென்ட் வேலை.

என்னை ஏன் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். புதிதாகத் தொடங்கும் மகளிர் லீக்கில் நான்கு அணிகள். ஒவ்வொரு ஊர்த் தேர்வுக் குழுவிலும் பயிற்சியாளர் சான்றிதழ் உள்ள ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. இந்த நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்தச் சான்றிதழ் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது என் கண் இல்லை, கையெழுத்து.

மேனேஜர் சண்முகசுந்தரம் ஓய்வுபெற்ற அதிகாரி. இன்னும் ஆபீஸில் இருப்பதைப் போலவே பேசுகிறார். "நீங்க டென்ஷனே ஆக வேணாம்மா. ஃபார்மட் இருக்கு. ஃபில் பண்ணா போதும்."

பார்க்கலாம்.

ஜூன் 12, வியாழன்

ஃபார்மட் இதுதான். ஓட்டம் இருபது, நீண்ட உதை இருபது, பந்துக் கட்டுப்பாடு இருபது, ஆட்டம் முப்பது, நடத்தை பத்து. அறுபதைத் தொட்டவர்களின் தாள் மட்டும் பட்டியலில் சேரும். பட்டியல் நான்கு அணிகளுக்கும் போகும். பிறகு ஒருநாள் கடலூரில் உட்கார்ந்து, அணிகள் முறை வைத்து ஆளுக்கொரு பெயராக எடுத்துக்கொள்ளும். குழுவின் மூன்று பேரும் கையெழுத்திடாத பட்டியல் செல்லாது. மேனேஜர், தலைமைப் பயிற்சியாளர் சிவசங்கர், நான் — இதுதான் குழு.

நடத்தையை எப்படி அளப்பது என்று கேட்டேன்.

"பாத்தாலே தெரியும்மா" என்றார் மேனேஜர்.

எதைப் பார்த்தால்? ஷூவையா?

ஜூன் 14, சனி

டவுன்ஷிப் மைதானத்தில் தேர்வு. எண்பத்து மூன்று பெண்கள். காலை ஆறரைக்கு ஆரம்பம். ஆலடிக்குப்பத்திலிருந்து வந்த ஐந்து பேர் பன்னிரண்டு நிமிடம் தாமதம். அவர்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான். ஐந்து பேருக்கும் நடத்தையில் மூன்று. டவுன்ஷிப்பின் பிளாக் பதினேழிலிருந்து ஹரிணி காரில் இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். அவளுக்குப் பத்து. "அவங்க அப்பா முன்னாடியே போன் பண்ணிச் சொல்லிட்டாரும்மா" என்றார் மேனேஜர். ஹரிணி நன்றாகத்தான் ஆடுகிறாள். எரிச்சலே அதுதான். அவளுக்கு அந்தப் பத்து தேவையே இல்லை.

நீண்ட உதையை நான்தான் அளந்தேன். ஆளுக்கு மூன்று பந்து. முப்பது மீட்டர் கோட்டைத் தாண்டாவிட்டால் பூஜ்யம். ஆலடிக்குப்பத்துப் பொற்கொடி, வயது பத்தொன்பது. மூன்று பந்தும் தரையை ஒட்டியே போய் இருபத்து நான்கிலேயே நின்றுவிட்டன. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'காலில் வலு இல்லை.'

மதியம் ஆட்டத்தில் அவளைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். மூன்று பேர் சுற்றி நின்று பறிக்கப் பார்த்தும் பந்து அவள் காலை விட்டுப் போகவில்லை. ஒரு கோணிப்பை அகல இடம் போதும் அவளுக்கு. பந்துக் கட்டுப்பாட்டில் பத்தொன்பது போட்டேன். இன்று யாருக்கும் அவ்வளவு போடவில்லை.

மொத்தம் ஐம்பத்தெட்டு.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று பேரை ஏய்க்கிற காலில் எப்படி வலு இல்லாமல் போகும்?

ஜூன் 17, செவ்வாய்

பொற்கொடியின் பிறப்புச் சான்றிதழ் அசல் எங்கள் ஃபைலிலேயே தங்கிவிட்டது. கொடுக்க ஸ்கூட்டியில் ஆலடிக்குப்பம் போனேன். ஆபீஸிலிருந்து ஆறு கிலோமீட்டர். இருபத்தைந்து வருஷமாக இந்த டவுன்ஷிப்பில் இருக்கிறேன், இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அவர்கள் ஆடும் இடத்தை மைதானம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு பக்கம் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு, மலை மாதிரி. மறுபக்கம் முள்வேலி. வேலிக்கு அப்பால் சரிவு, தண்ணீர். ஆபத்தான இடம், யாரும் இறங்கக் கூடாது. நடுவில் இருபது தப்படி அகலத்துக்கு ஒரு பட்டை நிலம். எட்டுப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரே பந்து, அதிலும் தோல் உரிந்து துணி தெரிகிறது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஏதோ விசித்திரமாக இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. பிறகு புரிந்தது — பந்து எழும்பவே இல்லை. எட்டுப் பேர் அத்தனை வேகமாக ஆடுகிறார்கள், பந்து தரையை விட்டு ஒரு சாண் ஏறவில்லை. திடீரென்று ஒருத்தி உதைத்தது அவள் இடுப்பு உயரம் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"ஏன் போறா?"

"முட்டிக்கு மேல பந்து போச்சின்னா அன்னிக்கி ஆட்டம் கட்டுக்கா. வூட்டுக்குப் போயிடணும்" என்றாள் பொற்கொடி. "பொங்கல்லேந்து ஏழு பந்து வேலிக்கு அந்தாண்ட போயிடிச்சி. ஒண்ணுகூட திரும்பி வரல. யாரு வாங்கித் தர்றது?"

"அதனாலதான் அன்னைக்கி உதைக்கலையா?"

"உதைக்கணும்னுதாங்க்கா போனேன். கால ஓங்கறதுக்குள்ள வேலி ஞாபகம் வந்துடுது."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க எழுதிகினு இருந்தீங்க. கேக்கலியே."

அவளுடைய அம்மா கஸ்தூரியம்மாள் டவுன்ஷிப்பில் துப்புரவு கான்ட்ராக்டில் இருக்கிறார். எங்கள் பிளாக்கைப் பெருக்குவதே அவர்தானாம். என்னைப் பார்த்ததும், "இருபத்தொன்னாம் பிளாக்கு, மாமரம் இருக்கற வூடுதானே" என்றார். அவருக்கு என் வீட்டு மரம் தெரிகிறது. எனக்கு அவர் முகம் தெரியவில்லை.

காலில் வலு இல்லை என்று எழுதினேன். நான். என் கையால். ஷூவைப் பார்த்து மார்க் போடுகிறார்கள் என்று மேனேஜரைத் திட்டினேனே, நான் என்னத்தப் பாத்தேன்?

ஜூன் 19, வியாழன்

காலை ஏழு மணிக்கு டவுன்ஷிப் மைதானம் காலி. பொற்கொடியை வரச் சொல்லியிருந்தேன். பத்துப் பந்துகள். எதிரே புல், அதற்கப்பால் சுவர்.

முதல் ஆறு பந்தும் தரையோடு போயின. "வேலி இல்லடி, பாரு" என்றேன். "தெரியுதுக்கா, காலுக்குத் தெரியல" என்றாள். பன்னிரண்டாவது உதையில் பந்து தோள் உயரம் எழுந்தது. பத்தொன்பதாவது முப்பத்து மூன்று மீட்டர். இருபத்தாறாவது நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தேன். நாற்பத்தொன்றைக் காட்டினால் அவள் நம்பவில்லை, டேப்பை வாங்கித் தானே ஒருமுறை அளந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

வீடியோவைக் காட்டினேன். மேனேஜர் பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இருபத்தாறு சான்ஸ் குடுத்தா யார் வேணா உதைப்பாங்கம்மா. மத்தவங்களுக்கு மூணுதானே?"

"மத்தவங்க புல்லுல உதைச்சுப் பழகினவங்க சார்."

"அது நம்ம பிரச்சினை இல்லையே. ஒருத்திக்கு ரீ-டெஸ்ட்னா எண்பத்து மூணு பேருக்கும் வைக்கணும்." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, என் நல்லதுக்குச் சொல்வது மாதிரி: "அந்த ஊர்ப் பொண்ணுங்க ரெண்டு மாசம் வரும். அப்புறம் கல்யாணம்னு நின்னுடும். நாங்க பாத்ததுதான்."

"ஹரிணிக்குக் கல்யாணமே ஆகாதா சார்?"

பொற்கொடியின் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்தார். "இது யார் கையெழுத்து? நாங்களா எழுதினோம்?"

என்ன சொல்வது? நான்தான்.

வெளியே வந்ததும் சிவசங்கர் சார் பின்னாலேயே வந்தார். "நீ சொல்றது கரெக்ட்டு இளவேனில். அந்தப் பொண்ணு ஆடுது. ஆனா என்னை இதுல இழுத்துடாத."

கரெக்ட்டாம். கரெக்ட் என்று சொல்ல இவருக்கு மைதானத்தின் ஓரம் வரை வர வேண்டியிருக்கிறது, அறைக்குள் வாய் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

திங்கள் மாலை ஐந்துக்குள் பட்டியல் லீக்குக்குப் போக வேண்டும். இருபத்து நான்கு பெயர். இரண்டு கையெழுத்து ஆகிவிட்டது. என்னுடையது பாக்கி.

மேனேஜர் அப்பாவுக்கே போன் செய்திருக்கிறார். லீக் முடிந்ததும் என்னை நிரந்தரப் பயிற்சியாளராக எடுக்கப்போவதாக. 'பொண்ணு கொஞ்சம் கோஆப்பரேட் பண்ணினா.'

அப்பா சாப்பிடும்போது ஆரம்பித்தார். "ஏட்டி, ஒரு கையெழுத்துதான? போட்டுட்டு வா. அடுத்த வருஷம் நான் ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். சொந்த ஊர்னு தூத்துக்குடில என்ன இருக்கு நமக்கு?"

"அப்பா, நான் எழுதினது தப்பு."

"யாருதான் தப்பா எழுதல? சுரங்கத்துல லாக் புக்கு பூரா தப்புதான்."

"தப்புன்னு தெரிஞ்ச பொறவும் கையெழுத்து போட்டிருக்கீங்களா?"

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். அம்மா அப்பாவைக் காட்டி, "இசக்கிமுத்து மவளாச்சே, வாய்க்கா பஞ்சம்" என்று எழுந்து போனாள். அப்பா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 23, திங்கள்

நான்கு மணிக்குப் போனேன். பேனாவை எடுத்து நீட்டினார் மேனேஜர். முதலில் பொற்கொடியின் தாளைக் கேட்டேன். எடுத்துத் தரவில்லை; நானே ஃபைலைப் புரட்டி எடுத்தேன்.

'காலில் வலு இல்லை' என்பதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தேன். படிக்கும்படிதான் அடித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. கீழே எழுதினேன்: 'இது என் தவறான மதிப்பீடு. இவர் பழகும் இடத்தில் பந்தை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் பந்து போய்விடும். ஜூன் 19 அன்று அளந்தது நாற்பத்தொரு மீட்டர்.' மார்க்கைத் தொடவில்லை. மூன்று பந்துக்குப் பூஜ்யம் என்பது பூஜ்யம்தான். தேதி, முழுப் பெயர்.

"இந்தத் தாள் இருபத்தஞ்சாவதா பட்டியலோட போனா கையெழுத்து போடறேன்."

"அறுபது வரலயேம்மா. ரூல் இருக்கு."

"குழுவுல பெண் இருக்கணும்னும் ரூல் இருக்கு சார். இப்ப நான் எந்திரிச்சுப் போனா அது இல்ல."

நாலே முக்கால் வரை மேனேஜர் யார் யாருக்கோ போன் செய்தார். சான்றிதழ் உள்ள பெண் கடலூரில் ஒருவர், சிதம்பரத்தில் ஒருவர். இருவருமே வேறு குழுக்களில் இருக்கிறார்கள். சிவசங்கர் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வச்சுதான் அனுப்புங்களேன் சார், எவன் எடுக்கப் போறான்" என்றார். எனக்காகச் சொன்னாரா, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் சொன்னாரா தெரியவில்லை. எதுவானாலும் எடுத்துக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட்டேன். பட்டியலோடு பொற்கொடியின் தாளும் போய்விட்டது.

ஜூன் 24, செவ்வாய்

மத்தியானம் அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். கயிற்றையும்.

ஜூன் 28, சனி

கடலூரில் ஒரு கல்யாண மண்டபம். நான்கு மேஜை, நான்கு அணி. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். அதற்கு அட்டை தேவையில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பெயர். யாரும் மைதானத்தைப் பற்றிப் பேசவில்லை. உயரம், வயது, எந்தப் பள்ளி. அனல் அணி முதல் சுற்றிலேயே ஹரிணியை எடுத்தது. எட்டாவது சுற்று முடிந்தது. எங்கள் பட்டியலில் எடுபடாமல் ஒன்பது பேர் மிச்சம்.

ஒன்பதாவது சுற்றில் விழுப்புரம் அணியின் பயிற்சியாளர் விஜயகுமாரி ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். நரைத்த குட்டை முடி, உரத்த குரல். "இதை யாரு அடிச்சு எழுதினது?"

எழுந்து நின்றேன். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வலு இல்லன்னு ஒரு வரி. நாப்பத்தொரு மீட்டர்னு ஒரு வரி. நான் எதை நம்பறது?"

"அடிக்காத வரியை."

"பந்துக் கட்டுப்பாடு பத்தொம்போது. இது யாரு போட்டது?"

"நான்தான்."

"அதையும் நாளைக்கி அடிப்பியா?"

"மாட்டேன்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார். 'பொற்கொடி, ஆலடிக்குப்பம், நெய்வேலி.' ஊர்ப் பெயரைச் சரியாகச் சொன்னார்.

போன் செய்தால் பொற்கொடி எடுக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தாளாம்.

ஜூலை 7, திங்கள்

குள்ளஞ்சாவடியில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை. மைதானம் சின்னது, ஆனால் சுற்றிலும் சுவர் இருக்கிறது. ஸ்டோரிலிருந்து பழைய பந்து நான்கை ஆலடிக்குப்பத்துக்குக் கேட்டு வாங்கினேன். ஹெட்மாஸ்டர் எதற்கு என்றார். "உதைக்க" என்றேன்.

அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் நேற்று கஸ்தூரியம்மாளைக் கூப்பிட்டு மரத்திலிருந்து ஒரு பை மாங்காய் பறித்துக் கொடுத்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டவுன்ஷிப் மைதானத்தில் விழுப்புரமும் அனலும். கேலரி நாற்காலிகளில் அதிகாரிகள் குடும்பம். நான் ஆலடிக்குப்பத்துப் பெண்கள் ஏழு பேரோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். அப்பா ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார்.

அனல் இரண்டு, விழுப்புரம் ஒன்று. ஒரு கோல் ஹரிணியுடையது, நல்ல கோல். அறுபத்து இரண்டாம் நிமிடம்தான் பொற்கொடியை இறக்கினார்கள். இடுக்கு இடுக்காகப் புகுந்து போனாள். பந்து தரையை விட்டு ஏறவே இல்லை. கடைசி நேரத்தில் விழுப்புரத்துக்கு ஃப்ரீ கிக். முப்பத்தைந்து மீட்டர் இருக்கும். விஜயகுமாரி ஓரத்திலிருந்து அவளைக் கைகாட்டினார்.

நான்கு எட்டு பின்னால் போனாள். ஓடி வந்து உதைத்தாள்.

பந்து கோலுக்கு மேலே, எங்கள் தலைக்கு மேலே, சுவருக்கும் மேலே போய் அந்தப் பக்கம் பஸ் போகும் ரோட்டில் விழுந்தது. கேலரியில் சிரிப்பு. பொற்கொடி வாயில் கையை வைத்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மைதானத்தை விட்டு வெளியே நடக்க ஆரம்பித்தாள்.

எனக்கும் என்னோடு நின்ற ஏழு பேருக்கும் மட்டும்தான் அவள் எங்கே போகிறாள் என்று தெரியும்.

"ஏய், எங்கடி போற? நில்லுடி" என்று எட்டுப் பேரும் கத்தினோம்.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பந்தைத் தூக்கி உள்ளே எறிந்தார்கள். அது நாலைந்து முறை குதித்து, உருண்டு, அவளிடம் வந்தது.