மலைக்குச் சுமந்த தண்ணீர்

மாப்பிள்ளே,

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரி ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் இறங்குகிறது. சில எழுத்துகள் பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து நிற்கின்றன. நாலு வரி எழுதுவதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது, பேனாவைக் கீழே வைத்து, கையை உதறிவிட்டு மறுபடி எடுக்கிறேன். ஆனால் இது என் கை. யாரையும் கெஞ்சி உட்கார வைத்து எழுதச் சொல்லவில்லை. தலை நரைத்த பிறகு இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

திருக்கோகர்ணத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு சாயங்காலம் எங்களைப் போன்ற பெரிய ஆட்களுக்கு வகுப்பு நடக்கிறது. நேற்று வாத்தியார் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தார். பச்சை மலை, அதன் தலையில் மேகம், கீழே பெரிய எழுத்தில் ஒரு பெயர். எழுத்துக் கூட்டினேன். ‘கொடை’ என்று வந்ததும் மீதி தெரிந்துவிட்டது. கொடைக்கானல். நாம் இரண்டு பேரும் போக இருந்த ஊர். இத்தனை வருஷம் வாயில் மட்டும் இருந்த பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டேன். சத்தம் போட்டு வாசித்தேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அந்த மலையின் நடுவே வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது.

“இது என்ன தம்பி, படம் கிழிஞ்சிருக்கா?” என்று கேட்டேன்.

“அருவிங்கய்யா அது” என்றார் வாத்தியார். “அங்கல்லாம் கோடையிலயும் ஓடும். மலையில திரும்புன பக்கமெல்லாம் தண்ணிதான்.”

அதற்கு மேல் எனக்குப் பாடம் ஏறவில்லை. உனக்கும் இது தெரியாது மாப்பிள்ளே. தெரிந்திருந்தால் நாம் அந்தத் தண்ணீர் டின்களை வண்டியில் கட்டியிருக்க மாட்டோம்.

பஸ் ஷெட்டில் நீ மெக்கானிக், நான் டயர் கழற்றி மாட்டுகிறவன். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை நீ பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தாய். ஷெட்டுக்குப் பின்னால் கோணியை விரித்து, அதை நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டிருந்தாய். முதலாளி அதைப் பார்க்கும்போதெல்லாம், “இது ஓடுற அன்னைக்கு எனக்கும் சொல்லு, நான் ஒதுங்கி நிக்கணும்” என்பார். அது ஓடியது. ஓடிய அன்றைக்குத்தான் உருளைக்கிழங்கு லாரிக்காரர் ஒருவர் பஞ்சர் ஒட்ட ஷெட்டுக்கு வந்தார். கொடைக்கானலில் இருந்து வருகிறாராம். சித்திரை மாதத்தில்கூட அங்கே போர்வை இல்லாமல் படுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க நீ அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

“மச்சான், சித்திரையில போர்வ போத்திப் படுக்கணும். ஒரே ஒரு ராத்திரி. பெறகு இங்க வந்து வெந்து சாகலாம்.”

மழை பொய்த்து மூன்றாவது வருஷம் அது. இரவில் நாமெல்லாம் தரையில் தண்ணீர் தெளித்து அதன் மேல் படுப்பதுகூட அந்த வருஷம் இல்லை, தெளிக்கத் தண்ணீர் இல்லை. கண்மாய்கள் பிளந்து கிடந்தன. உன் பெண்டாட்டி ஞானம்மாள் விடியும் முன்பே குடத்தோடு கிளம்பி, வெயில் ஏறிய பிறகு ஒரு குடத்தோடு திரும்புவாள். அதிலும் கால் பங்கை வாசலில் இருந்த பானையில் ஊற்றுவாள், போகிற வருகிறவர்களுக்கு. அப்படிப்பட்ட கோடையில் ஒருவனுக்குக் குளிர் வேண்டும் என்று ஆசை வந்தால் அதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்?

அதன் பிறகு நமக்கு வேறு பேச்சே இல்லை. கூடாரத்துக்குப் பஸ் மேல் மூடும் பழைய படுதா. சமைக்க ஸ்டவ். அரிசி, கருவாடு, வெங்காயம். பட்டாளக் கம்பளி இரண்டு. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நீ எதையும் தாளில் குறிக்கவில்லை. உங்கள் மாதா கோயில் மன்றாட்டு மாதிரி நீ வழியில் வரும் ஊரைச் சொல்ல, அங்கே நிறுத்தி என்ன கவனிக்க வேண்டும் என்று நான் பதில் சொல்ல வேண்டும்.

“மணப்பாறை.”

“செயினுக்கு எண்ணெய், வயித்துக்கு முறுக்கு.”

“திண்டுக்கல்.”

“பெட்ரோலு, பிரேக்கு.”

“வத்தலக்குண்டு.”

“வயித்துக்கு.”

“வயித்துக்கு மணப்பாறையிலயும் கேட்டியே மச்சான். தப்பு. மறுபடி புதுக்கோட்டையிலேருந்து வா.”

இந்த ஊர்ப் பெயர்களை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். வத்தலக்குண்டு கொஞ்சம் படுத்திவிட்டது. மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது, பார்.

மலை என்றால் நாம் பார்த்தது குடுமியான்மலையும் நார்த்தாமலையும்தான். வெறும் பாறை. வெயிலில் கால் வைத்தால் கொப்பளிக்கும். அதைத்தான் பத்து மடங்கு பெரிதாக்கி நாம் மனசில் வைத்திருந்தோம். மேலே குளிருமே ஒழிய, பாறைதானே என்று நினைத்தோம். முளைக்குச்சி இறங்காது என்று படுதாவைக் கல்லில் கட்டக் கயிறு எடுத்துக்கொண்டோம். தண்ணீர் கிடைக்காது என்று இரண்டு மண்ணெண்ணெய் டின்களைக் கழுவி, மூடி வைத்து, பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டத்தில் உட்கார வைத்தாய். கோடையில் தண்ணீர் இல்லாமல் இந்த ஊரைவிட்டு யார் கிளம்புவார்கள்? லாரிக்காரரிடம் தண்ணீரைப் பற்றி நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞானம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். “பொண்டாட்டிய ஆவூர்த் தேருக்குக் கூட்டிட்டுப் போக நேரமில்ல. மச்சானும் மாப்ளயும் போர்வ போத்திக்க மலைக்குப் போறாகளாம்.”

“ஒனக்கும் சேத்துக் குளுர மூட்டகட்டிக் கொண்டாரேன்டி” என்றாய்.

“அப்படியே அந்த மூட்டைக்குள்ள ஒங்க மச்சானையும் வச்சுக் கட்டிருங்க” என்றாள். அப்போதெல்லாம் என்னிடம் சிரித்துப் பேசுவாள்.

ஆவூர்க் கோயிலில் ஈஸ்டர் பாஸ்கா நாடகம் முடிந்த அடுத்த ஞாயிறு, முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்கலாம் என்று கந்தர்வக்கோட்டை ரோட்டில் கிளம்பினோம். மறுநாள் காலை மலைக்குப் பயணம். வண்டி அப்படி ஓடியது. டின்கள் விளிம்புவரை நிறைந்திருந்தன. கல்லைக் கட்டியது போல அசையாமல் இருந்தன.

முந்திரிக் காட்டை ஒட்டி ஒரு குடும்பம் நடந்து வந்தது. பிழைக்கத் தஞ்சாவூர்ப் பக்கம் போகிறார்கள். கிழவர் ஒருவர், புருஷன் பெண்டாட்டி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகள். அந்தப் பெண் கை நீட்டினாள். “அண்ணே, பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி.”

நீ வண்டியை நிறுத்தினாய். அவர்கள் குடித்தார்கள். அவர்களிடம் இருந்த குடத்தையும் சொம்பையும் நிரப்பினாய். ஒரே டின்னில் இருந்து எடுத்தால் வண்டி ஒரு பக்கம் சாயும் என்று இரண்டிலும் சமமாகவே எடுத்தாய். கிழவர் கும்பிட்டார். “எதுக்குத் தாத்தா கும்புடுறீங்க, எங்க ஊர்லயும் இதுதான் கதி” என்றாய்.

அங்கிருந்து திரும்பினோம். கொஞ்ச தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

“மாப்ள, பின்னாடி ஆடுது.”

“பாதி டின்னுல்ல மச்சான். தண்ணி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது.”

“மிச்சத்த ஊத்திருவமா?”

நீ வண்டியை நிறுத்தினாய். சுற்றிலும் ஆள் இல்லை, மாடு இல்லை. முந்திரிக் காடு பின்னால் போய்விட்டது. தரை மட்டும் வாய் பிளந்து கிடந்தது.

“எங்க ஊத்துறது?” என்றாய்.

“கீழதான்.”

“ஒனக்குக் கை வருதான்னு பாரு.”

நான் இறங்கி மூடியைத் திறந்தேன். டின்னைப் பிடித்தேன். உள்ளே தண்ணீர் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதை மண்ணில் சாய்க்க எனக்குக் கை வரவில்லை. நீயும் உன் பக்கத்து மூடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாய்.

“ஏறு மச்சான். மெதுவாப் போவோம்.”

மெதுவாகத்தான் போனோம். கண்மாய்க்கரை வளைவில் நீ வண்டியைச் சாய்த்தாய். தண்ணீரும் சாய்ந்தது. நீ நிமிர்த்தினாய். தண்ணீர் நிமிரவில்லை. சறுக்கிக்கொண்டு கரையில் இருந்து உள்ளே போனோம். என்னைத் தனியாகத் தூக்கி எறிந்துவிட்டது, மணிக்கட்டோடு போயிற்று. இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. உன் மேல் வண்டி கிடந்தது. டின்கள் உடைந்து, நாம் ஊற்ற மனசு வராத தண்ணீரைக் கண்மாய் மண் நான் எழுந்து வருவதற்குள் குடித்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு உன்னை நம் கம்பெனி பஸ்ஸில்தான் கொண்டு போனோம். உள்ளே இரத்தம் போகிறது என்றார்கள். வெளியே அனல். உன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

“மச்சான், குளுருதுடா.”

ஞானம்மாள் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினாள். நீ அதைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாய். கண் திறக்காமல், “மேல வந்துட்டமா?” என்றாய்.

“வந்துட்டோம் மாப்ள” என்றேன்.

அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

கல்லறையில் எல்லோரும் போன பிறகு ஞானம்மாள் என்னிடம் வந்தாள். நடந்ததை எல்லாம் சொல்லியிருந்தேன். “அந்தத் தண்ணியக் கீழ ஊத்தியிருக்கக் கூடாதாண்ணே?” என்று கேட்டாள். அன்று சாயங்காலமே வாசல் பானையை எடுத்துக் கொல்லையில் கவிழ்த்துவிட்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இன்றுவரை அந்த வாசலில் பானை கிடையாது.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். காய்கறியோ மீனோ கொண்டு போய் வைப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் திட்டுவாள். தண்ணீர் கேட்ட அந்த வழிப்போக்கர்களைத் திட்டி முடித்த பிறகு என் முறை வரும். போன வாரம் எனக்கு எழுத வந்துவிட்டது என்று சொன்னேன், ஒரு பெருமைக்கு.

“என்னத்த எழுதப் போறீங்க?”

“அவனுக்கு ஒரு கடுதாசி எழுதணும் ஞானம்மா.”

கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு, “அந்தத் தண்ணிய ஏன் ஊத்தலன்னு கேட்டு எழுதுங்க” என்றாள்.

கேட்டு எழுதிவிட்டேன் மாப்பிள்ளே. பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்தக் கோடையில் குடம் சுமந்தவள் அவள். அவள் அந்த வண்டியில் இருந்திருந்தால் ஒரு சொட்டுகூடக் கீழே விட்டிருக்க மாட்டாள். ‘நீ ஊத்தியிருப்பியா ஞானம்மா?’ என்று ஒரு வார்த்தை நான் திருப்பிக் கேட்டால் போதும். ஆனால் அதைக் கேட்டுவிட்டால் அவளுக்குக் கோபித்துக்கொள்ள உலகத்தில் ஆள் இல்லாமல் போய்விடும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் நின்றிருக்கிறாள். நீ விட்டுப் போனதில் என் பங்குக்கு வந்தது அதுதான். என் முதுகு இன்னும் தாங்கும்.

நாளை ஞாயிறு. “பதில் வந்துச்சா?” என்று கேட்பாள். “இன்னும் வரல ஞானம்மா, வர்ற வாரமும் எழுதிக் கேக்குறேன்” என்று சொல்லப் போகிறேன். சொன்னால் எழுதத்தானே வேண்டும்.

உன் மச்சான்