மறுகா என்று எழுதிய அட்டை

முதலில் என்னைப் பொறுத்துக்கொள். மறுபடியும் எழுதத்தான் செய்கிறேன். போனில் நான் நீளமாக எழுதி அனுப்பினால், "வாசிக்க ஏலாதுகா, வொய்ஸ் போடு" என்பாய். மூன்று வசனத்துக்கு மேல் நீ எதையும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. இது மூன்று வசனத்தைத் தாண்டும். வொய்ஸ் போடச் சொல்ல இனி நீ இல்லை என்று நினைக்கும்போதுதான் கை நிற்கிறது.

இன்று பின்னேரம் முகாம் வீட்டின் களஞ்சிய அறையைத் திறந்தோம். நாளைக்கு லீவு முகாமுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆகஸ்ட் லீவு முழுவதும் தொண்டு செய்வதாகச் சொல்லி இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன். "பாயெல்லாத்தையும் எடுத்து வெயில்ல போடுங்க புள்ளையள்" என்றார் மடத்துச் சிஸ்டர். கதவைத் திறந்ததும் பன்புல்லில் இழைத்த பாய்களின் மணம், காய்ந்த புல்லும் தூசியும் கலந்து, முகத்தில் வந்து மோதியது. முதல் பாயை உதறினேன். ஓரம் முழுவதும் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது. அடுத்ததற்கு மஞ்சள். அதற்கடுத்ததில் பாதிப் பூவோடு வெட்டுப்பட்ட நீலத் துண்டு.

உன் தையல். நீ வேலைசெய்த கார்மென்டில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கி, பையில் அடைத்து, வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவாய் என்று சிஸ்டர் சொன்னார். பிரிந்துபோன ஓரங்களை ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நிறத்தில் மடித்துத் தைத்திருக்கிறாய். ஏன் இத்தனை நிறம் என்று கேட்டதற்கு, "சின்னதுகளுக்குத் தன்ட பாய் எதெண்டு தெரியவேணுமே சிஸ்டர், இல்லாட்டி படுக்கப் போகக்குள்ள சண்டை" என்றாயாம். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டிய நான், இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

கச்சான் காற்று வாவிப் பக்கம் தள்ளிக்கொண்டு வீசியது. ஒரு பாய் வேலியைத் தாண்டிப் பறந்து கரைத் தண்ணீரில் விழுந்தது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுத்தேன். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

நாம் முதன்முதலில் சந்தித்ததும் இதே முற்றத்தில்தான். நமக்குப் பதின்மூன்று வயது. பெயர் அட்டைக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் சத்தமாகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். என் முறை வந்ததும் அட்டை எழுதிக்கொண்டிருந்த பிரதர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பேரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

எல்லோரும் போன பிறகு சொல்லலாம் என்று நினைத்து, "மறுகா" என்றேன்.

"மறுகாவோ? வடிவான பேர்" என்று சொல்லி, அதை அட்டையில் அழகாக எழுதி என் கழுத்தில் மாட்டிவிட்டார். பிறகு என்பதை எங்கள் பக்கத்தில் மறுகா என்பார்கள் என்று, யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவருக்கு எப்படித் தெரியும்? திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகாம் முடியும்வரை அந்த அட்டையோடுதான் திரிந்தேன்.

அன்று மத்தியானம் கோப்பை கழுவுகிற இடத்தில் நீதான் பக்கத்தில் வந்தாய்.

"உன்ட பேர் மெய்யா மறுகாவா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"அப்ப என்ன பேர்?"

நான் சொல்லத் தயங்கிய நேரத்தில் நீ இரண்டு கோப்பை கழுவி முடித்துவிட்டாய். "சரி, மறுகா சொல்லு" என்றாய். சொன்ன பிறகுதான் என்ன சொன்னாய் என்று உனக்கே விளங்கியது. நீ சிரித்த சிரிப்பில் கழுவிய கோப்பை திரும்ப வாளிக்குள் விழுந்தது. நானும் சிரித்தேன். பிரதரிடம் சொன்ன அந்த ஒரு சொல்லைத் தவிர, அந்த முகாமில் என் குரலை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதன் பிறகு உனக்கு நான் மறுகாதான். என் சொந்தப் பெயரை நீ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

அதே சொல்லை நீ கேள்வியாகவும் வைத்திருந்தாய். நான் எதையாவது சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவேன். வீட்டில் என்றால் அந்த இடைவெளியில் வேறு யாராவது பேசத் தொடங்கிவிடுவார்கள். நீ மட்டும் நாடியில் கையை ஊன்றிக்கொண்டு, "மறுகா?" என்பாய். அவசரப்படுத்தாமல் இருப்பாய். நான் மீதியையும் சொல்லிவிடுவேன். ஒரு கதையைக் கடைசிவரைக்கும் சொல்லக்கூடியவள் நான் என்பது உன்னோடு இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு நீ தையலுக்குப் போனாய், நான் கம்பஸுக்குப் போனேன். எங்கள் வீட்டில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதில் என்னைவிட உனக்குத்தான் பெருமை. உன் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாய். ஒவ்வொரு ஆகஸ்டிலும் லீவு எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவாய். எனக்கும் வொய்ஸ் வரும். "இந்த முறையாவது வாகா. பெரிய படிப்புக்காரி எங்களோட பாய் விரிக்கமாட்டியா?"

"வருவன்."

"எப்ப?"

"மறுகா."

அது நமக்குள் பகிடியாக இருந்தது. ஒரு வருடம் சோதனை என்றேன். இன்னொரு வருடம் ஆய்வு என்றேன். அவை பொய்யில்லை. ஆனால் இங்கே வந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. உனக்கும் அது தெரிந்திருக்கும். இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு நீ அனுப்பிய கடைசி வொய்ஸில் பகிடி இல்லை. "இந்த ஆகஸ்ட் நீதான் வரவேற்புப் பேச்சு. பாதருக்குச் சொல்லிட்டன். மறுகா எண்டு மட்டும் சொல்லாத" என்றாய். பதிலுக்குப் போனில் சிரிக்கிற பொம்மை முகம் ஒன்றை அனுப்பினேன். மாசி மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று உன் தங்கை சொன்னபோது, வார முடிவில் போய்ப் பார்ப்பதாக இருந்தேன். வார முடிவு வரும்வரைக்கும் நீ இருக்கவில்லை.

சேமக்காலையில் செபம் முடிந்து, குழியை மூடுவதற்கு முன், "பிள்ளையின்ர சிநேகிதர் ஆரும் ரெண்டு வார்த்தை சொல்லப் போறீங்களோ?" என்று கேட்டார் முகாமை நடத்துகிற பாதர். உன் அம்மா என்னைத்தான் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு மண் விழத் தொடங்கியது. எனக்குச் சொல்ல இருந்தது. உன்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருந்த அளவு அங்கே யாரிடமும் இருந்திருக்காது.

அன்றிலிருந்து மறுகா என்ற சொல் என் வாயில் வருவதில்லை. வீட்டிலும் பிறகு என்றுதான் சொல்கிறேன். "என்ன புள்ள, கம்பஸ் போய்ப் பாஷையும் மாறிட்டா?" என்று அம்மா நக்கலடிக்கிறார். ஓம் என்று சொல்லிவிடுவேன்.

இன்று பாய்களைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது பாதர் வந்தார். நாளை வரவேற்புப் பேச்சு என்னுடையது என்றார்.

"பாதர், நான் பாய் விரிக்கிறன், கோப்பை கழுவுறன். பேச்ச வேற ஆருக்கும் குடுங்களன்."

"அவள் சொல்லி வைச்ச ஆள் நீதான் பிள்ளை. நான் மாத்தமாட்டன்."

பிறகு பார்ப்போம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு என்றாலும் மறுகா என்றாலும் ஒன்றுதானே. அடுத்த பாயைச் சுருட்டத் தொடங்கினேன். சரி என்று எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

இப்போது பெயர் அட்டைகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன். நாளை வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் நான்தான் பெயர் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு பிள்ளை வாய் திறக்காமல் நின்றால் எதையும் எழுதாமல் காத்திருப்பேன். அப்படிக் காத்திருக்க என்னால் முடியும். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.

பேச்சுத்தான் முடியுமா என்று தெரியவில்லை. கேட்க வந்ததை இவ்வளவு நேரமும் கேட்காமலே எழுதிக்கொண்டிருக்கிறேன். இனிக் கேட்டுவிடுகிறேன். நாளைக் காலை பிள்ளைகள் பாய்களில் வந்து இருந்த பிறகு நான் முன்னால் போய் நிற்பேன். வணக்கம் சொல்வேன், என் பெயரைச் சொல்வேன். அடுத்த வசனத்தைப் பாதியில் நிறுத்திவிடுவேன், அது எனக்குத் தெரியும். சிவப்பு ஓரப் பாயைக் கடைசி வரிசையில் வெறுமையாக விட்டு வைக்கிறேன். அதில் வந்து இரு. நாடியில் கையை ஊன்றிக்கொண்டு, அவசரப்படுத்தாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு தரம் கேள்.

மறுகா?