கேசியாவுக்கு ஒரு சின்ன அறை

திருச்சானூர்
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஷோபா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே சுகம். நீங்களும் கேசியாவும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் போன் எப்போதும் கேசியா கையில்தான் இருக்கிறது. மெசேஜ் போட்டாலும் அவள்தான் முதலில் படித்து உங்களுக்குச் சொல்கிறாள். அவள் காதில் விழாமல் உங்களிடம் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதனால் உங்கள் பள்ளிக்கூட ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

இரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் கேசியா எங்களோடு வந்துவிட வேண்டும் என்று அவள் அப்பா உங்களிடம் சொல்லிவிட்டாராம். கிருபாவதி அக்கா காலமான பிறகு, தங்கையின் பிள்ளை என்று மூன்று வருஷமாக நீங்கள்தான் அவளை வளர்த்தீர்கள். எங்கள் கல்யாணத்தன்று அவளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் வந்து பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் பழைய சாமான் போட்டு வைத்திருந்தார், காலி செய்து கொடுத்துவிட்டார். நீளம் ஏழடி, அகலம் ஆறடிக்கும் குறைவு. ஒரு சின்ன ஜன்னல். கட்டில் போட்டால் கதவு திறக்கவில்லை. கதவு திறந்தால் பீரோவுக்கு இடமில்லை. அவளுக்கு என்னென்ன வேண்டும், எப்படிப்பட்ட கட்டிலில் படுப்பாள், துணிமணி எவ்வளவு இருக்கும் என்று நீங்கள் சொன்னால் ஆசாரியிடம் அதன்படி செய்யச் சொல்வேன்.

அன்புடன்,
ஷோபா


சித்தூர்
12.3.2025

திருமதி ஷோபா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

ஏழடி அறையில் ஒரு குழந்தையை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று நேசகுமாரிடம் கேட்டேன். "திருப்பதில வாடகைக்கு இவ்ளோதான் கெடைக்கும்" என்றார். இங்கே என் வீட்டில் இடத்துக்குக் குறைச்சல் இல்லை. அதை நான் சொல்லக்கூடாது, அவள் அவருடைய மகள்.

துணி அதிகம் இல்லை. நல்ல கவுன் நாலு, வீட்டில் போடுவது ஏழெட்டு. யூனிஃபார்ம் நீங்கள்தான் வாங்க வேண்டும். உயரமான கட்டில் வேண்டாம். தூக்கத்தில் உருளுவாள்.

தபீதாள்


திருச்சானூர்
20.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயரமான கட்டில் வேண்டாம் என்று நீங்கள் எழுதியது நல்ல வேளைக்கு வந்து சேர்ந்தது. அவர் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, கட்டிலைப் பரண் மாதிரி மேலே தூக்கிவிட்டால் கீழே மேஜை போடலாம் என்று ஆசாரியிடம் பேசி முடித்தே விட்டார். ஏறுவதற்கு ஏணி. மேலே மின்விசிறி. நான் வேண்டாம் என்றேன். "உனக்கு இன்னா தெரியும் கொழந்தைங்களப் பத்தி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் சொன்னது உண்மைதான். எனக்குத் தெரியாது. நாற்பதை நெருங்குகிறேன், இனி எனக்குப் பிள்ளை பிறக்காது. உங்கள் சபையில் இது தெரியாதவர்கள் இல்லை என்று நினைக்கிறேன். மருந்துக் கம்பெனி வேலையாக அவர் வாரத்தில் பாதி நாள் கடப்பா, நெல்லூர் என்று போய்விடுகிறார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வந்து, எனக்கு ஒருத்திக்கு மட்டும் சமைத்து, டிவியைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். குழந்தை வந்தால் அவளிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறேன், சிரிக்காதீர்கள்.

கட்டிலைத் தாழ்வாகவே போடப் போகிறோம். அடியில் மூடி போட்ட பெட்டிகள் இரண்டு செய்தால் துணியும் பொம்மையும் தூசி படாமல் இருக்கும் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?

அன்புடன்,
ஷோபா


சித்தூர்
29.3.2025

அன்புள்ள ஷோபா,

மூடி வேண்டாம்.

கிருபாவதியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே பெரியவர்கள் அவளுடைய சேலை, பைபிள், கண்ணாடி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். குழந்தை பார்த்து அழக்கூடாது என்றுதான் செய்தார்கள். கேசியா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எந்தப் பொருளை உள்ளே வைத்து மூடினாலும் அது போய்விட்டது என்றே நினைக்கிறாள். ஒருமுறை குளிர்காலத்து ஸ்வெட்டரைப் பெட்டியில் போட்டதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இங்கே அவள் துணியெல்லாம் திறந்த அலமாரியில் இருக்கிறது. பொம்மைகள் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாவில். விளையாடவே மாட்டாள், கண்ணில் பட்டால் போதும்.

கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்கலாம். மூடியில்லாமல், சக்கரம் வைத்து, அவளே இழுக்கிற மாதிரி செய்யச் சொல். சுவரில் அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கொக்கிகள் அடித்துவிடு, பையையும் நாளைக்குப் போடுகிற துணியையும் அவளே மாட்டிக்கொள்வாள். தலைமாட்டுக்கு மேலே கனமான அலமாரி எதுவும் வேண்டாம். படிக்கிற மேஜையைச் சுவரோடு மடக்குகிற மாதிரி வைத்துவிடு. கதவின் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்தால் உனக்குப் பாதி இடம் மிச்சம். விளக்கு சுவிட்ச் படுத்தபடியே எட்ட வேண்டும்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் இதுவரை தனியாகப் படுத்ததில்லை. சுவர் ஓரம் அவள், வெளி ஓரம் நான். என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் தூங்குவாள். ஆகையால் கட்டிலைக் குழந்தை அளவுக்குப் போடாதே. ஒரு பெரிய ஆள் பக்கத்தில் படுக்கிற அகலம் இருக்கட்டும். நடக்கிற இடம் குறையும், பரவாயில்லை. நீ படுக்க வேண்டியிருக்கும்.

தபீதாள்


திருச்சானூர்
22.4.2025

அன்புள்ள அக்கா,

ஈஸ்டருக்கு மறுநாள் அவர் கேசியாவை அறை பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்ததை அவளே சொல்லியிருப்பாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன்.

வந்தவுடன் கதவை இரண்டு மூன்று முறை திறந்து மூடினாள். பெட்டியைச் சக்கரத்தோடு இழுத்து அதற்குள் உட்கார்ந்தாள். கொக்கிகளில் தன் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், அவள் நைனாவின் ஹெல்மெட் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் கட்டிலில் ஏறிச் சுவர் ஓரமாகப் படுத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"பெரிம்மா இங்க படுப்பாங்க. அவங்க துணிக்கு எங்க எடம்?" என்றாள்.

"பெரிம்மாவும் வராங்கன்னு யார் சொன்னாங்க கண்ணு?"

"யாரும் சொல்லல. பெட்டு பெருசா கீதே. ரெண்டு பேருக்குத்தானே?"

ஜூஸ் கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்கு வந்து நின்றுவிட்டேன். அவரிடம் சொன்னதற்கு, "கொழந்த மறந்துடும், அவங்களுக்கு இத எழுதாத" என்றார். எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அவளிடம் என்ன சொல்ல வேண்டும், அக்கா? நீங்களும் வந்துவிடுங்கள் என்று சொல்ல இந்த வீட்டில் எனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஷோபா


சித்தூர்
5.5.2025

அன்புள்ள ஷோபா,

நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். "திருப்பதிக்கு நீ மட்டும்தான் போற. நான் இங்கியேதான் இருப்பேன்" என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ எப்போ வருவ?"

"லீவுக்கு நீ வருவே. நான் எங்கியும் போவல."

"அப்போ உன் பக்கத்துல யாரு படுப்பாங்க?"

இதைக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. "யாரும் வேணாம். நீ என்னை ஒதச்சிக்கினே இருக்கற, இனிமே நான் காலை நீட்டித் தூங்குவேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் உரித்த வேர்க்கடலையை எல்லாம் என் தட்டில் கொட்டிவிட்டு எழுந்து போனாள். ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேசகுமார் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். நான் கூட வரமாட்டேன். வந்தால் திரும்பி வர முடியாது. கொஞ்ச நாளைக்குப் போனும் வேண்டாம். என் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் அவள் அந்த வீட்டில் காலூன்ற மாட்டாள். கேட்டால், பெரிம்மாவுக்கு ஆபீசில் வேலை என்று சொல்.

காலையில் பால் கொடுக்காதே, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. தலை வாரும்போது மேலிருந்து வாராமல் நுனியிலிருந்து சிக்கெடு. அதட்டினால் அழமாட்டாள், பேசுவதை நிறுத்திவிடுவாள். அதட்டாதே.

உன் அக்கா,
தபீதாள்


திருச்சானூர்
28.6.2025

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். நல்ல சேதி ஏதாவது வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்த புதிதில் அவள் அந்த அறைக்குள் படுக்கவே இல்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் தரையில், ஊரிலிருந்து கொண்டு வந்த பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். பையிலிருந்து துணியை எடுக்கவும் விடவில்லை. நான் பாய் போட்டுப் பக்கத்தில் படுத்தால் தள்ளிப் போய்ப் படுப்பாள். என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, முறை சொல்லியும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எனக்கு முன்னால் வந்து நிற்பாள். அவர் ஊரில் இல்லாத நாட்களில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம். தனியாக இருந்தபோதுகூட இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

போன சனிக்கிழமை வேலையில் நல்ல கூட்டம். மத்தியானம் வந்தபோது தலைவலி தாங்கவில்லை. காற்று வரும் என்று அவள் கட்டிலில் போய்ச் சாய்ந்தேன், அப்படியே தூங்கிவிட்டேன். யாரோ தோளைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கண் விழித்தால் கேசியா நிற்கிறாள்.

"அது என் எடம். தள்ளிப் படு" என்றாள்.

நான் தள்ளிப் படுத்தேன். என்னைத் தாண்டி ஏறிச் சுவர் ஓரத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் மூச்சு விடவே பயந்தேன், அக்கா. சாயங்காலம் அவளே பையைக் காலி செய்து துணியை எல்லாம் பெட்டியில் போட்டாள்.

இப்போது நீங்கள் போன் செய்யலாம். தினமும் கேட்கிறாள். ஆபீஸ் வேலை என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

அன்புடன்,
ஷோபா


திருச்சானூர்
24.7.2025

அன்புள்ள அக்கா,

பதில் இல்லை. நான் செய்த போனையும் நீங்கள் எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இவர் உங்கள் பள்ளிக்கு போன் செய்து விசாரித்தார். தினமும் வருகிறீர்கள் என்று சொன்னார்களாம். அது தெரிந்ததும் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

கேசியா இப்போது தினமும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது மட்டும் கேட்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே வந்து தங்க வேண்டும். அவரும் சரி என்று சொல்லிவிட்டார். என்மேல் கோபமென்றால் எழுதித் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஷோபா


சித்தூர்
11.8.2025

அன்புள்ள ஷோபா,

உன்மேல் கோபமில்லை. போனை எடுத்தால் அவள் குரல் கேட்கும், கேட்டால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன் என்று பயந்துதான் எடுக்கவில்லை. அப்படியும் ஏறிவிட்டேன். போன வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்கு வந்தேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர். வீட்டுக்கு வர மனமில்லை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலை ஒட்டிய ஒரு பூக்கடை மறைவில் நின்றேன். ஒரு முறை பார்த்துவிட்டு, முத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

நீ வேலைச் சீருடையோடு வந்து காத்திருந்தாய். அவள் ஓடிவந்து பையை உன்னிடம் கொடுத்தாள். "அம்மா" என்று ஆரம்பித்து, நாளைக்கு டிராயிங் இருக்கிறது, கலர் பென்சில் தீர்ந்துவிட்டது என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே போனாள். அந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே பேசினாள். பேசிக்கொண்டே ரோட்டில் இறங்கப் போனவளை நீ கையைப் பிடித்து நிறுத்தினாய், அப்போதும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என்னோடு இருந்தபோது இப்படிப் பேசியதில்லை.

கூப்பிட்டால் திரும்பியிருப்பாள். நீங்கள் இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்துவிட்டேன். நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். இந்த வருஷம் முடியாது. ஞாயிற்றுக்கிழமை கேட்பதையும் ஒருநாள் நிறுத்திவிடுவாள், நிறுத்தட்டும். நீ ஞாபகப்படுத்தாதே. நானும் இனி கடிதம் எழுதப் போவதில்லை. நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். சந்திரகிரி தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார். "உனுக்கு எத்தினி பசங்க?" என்றார். ஒரு பொண்ணு, திருப்பதியில் படிக்கிறாள் என்றேன். யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. எந்த வகுப்பு, நன்றாகப் படிக்கிறாளா, யார் ஜாடை என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் ஜாடை என்றுகூடச் சொன்னேன். பூதலப்பட்டில் இறங்கும்போது, "பொட்டப் புள்ள, தனியா உடாத, ஜாக்கிரதையா பாத்துக்கோ" என்றார்.

"சரிம்மா" என்றேன்.

தபீதாள்