ஏறி வந்த வண்டி இறங்காதா

அன்பு மகன் நிவமன்யாவுக்கு அம்மா கொமுஹங்கி எழுதுவது. இங்கே நான் நடமாடிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறேன், மழையோடு வந்த முழங்கால் வலி மட்டும் மழை விட்ட பிறகும் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே தோஹாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அதிகம் நிற்காமல் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். போனில் பேசினால் நீ முந்திக்கொண்டு பேசுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை படி, கோபப்பட வேண்டியவள் நான்.

உருளைக்கிழங்கு இந்தத் தடவை பாதி அழுகிவிட்டது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. இதையெல்லாம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு நீ டோலிக் கூட்டத் தலைவர் பஷைஜாவின் போனில் என்னிடம் வண்டியைக் குடுத்துத் தொலைங்கம்மா என்றாயே, அது காதை விட்டுப் போகவில்லை. நான் ஏன் கொடுக்கவில்லை என்று அதற்குப் பிறகாவது நீ ஒரு வார்த்தை கேட்டாயா?

முன்சக்கரப் பிரேக் ஒன்று இறுகிப் புகைந்தது என்று நம் கார் வண்டியைக் கீழே டவுனில் உன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் கட்டுரேபேயின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன் அல்லவா, அவன் சக்கரத்தைப் பிடித்து அமுக்குகிற காலிப்பரை இரண்டு பக்கமும் கழற்றி வேலை பார்த்துப் புது பேட் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து பெடல் பெடலாக இல்லை. முதல் மிதியில் ஊறிய ரொட்டியை மிதித்தது போலப் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும், படபடவென்று அடித்தால் கொஞ்சம் மேலே வரும், காலை எடுத்து வைத்தால் மறுபடியும் பழைய கதைதான். எங்காவது ஆயில் ஒழுகுகிறதா என்று சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்த்தேன், ஒழுகவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குகிறதா என்று பார்த்தேன், இறங்கவில்லை. பிரேக் ஆயிலுக்குள்ளே காற்று இருக்கிறதப்பா என்று அவனிடம் சொன்னேன். அவன் காற்றெடுத்தான், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், குழாயில் ஒரு குமிழ் இல்லாமல் சுத்தமான ஆயில் வந்தது. பெடல் மட்டும் அப்படியே இருந்தது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றினான், பின்பக்க டிரம்மை முறுக்கினான், அப்போதும் அப்படியே. புது பேட்டும்மா, உக்காரணும்ல என்றான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நான் திரும்பத் திரும்பப் போய் நின்றபோது, பெடலு மெத்துன்னு இல்லம்மா, ஒங்க காலுதான் மெத்துன்னு ஆயிடுச்சு என்றான், அங்கிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறேன் என்று உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? அவன் மனசு நோகும்மா, அவனுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரியப்போவுது, பேசாம ஓட்டுங்க என்றாய். நான் பேசாமல் ஓட்டி வந்தேன். மலையில் ஏறுவதற்குப் பிரேக் வேண்டாம், அதனால் வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நிறுத்தும்போது வண்டி வாழை மரத்தில் போய் முட்டித்தான் நின்றது.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. பஷைஜாவின் மருமகள் ஒரிஷாபாவுக்கு வலி எடுத்துவிட்டது, நாள் ஆவதற்கு முன்பே. நோயாளிகளைத் தோளில் சுமந்து இறக்கும் டோலிக் கூட்டத்தார் அத்தனை பேரும் நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வந்ததில் தப்பில்லை. உன் அப்பா காலமாகி, நீயும் வெளிநாடு போன பிறகு, டோலி தூக்க நம் வீட்டில் தோள் இல்லை. நீ வண்டி வாங்கி அனுப்பியபோது தலைவர் பஷைஜாதானே கூட்டத்தில் எழுந்து, இனிமே இந்த வீட்டுத் தோளு அந்த வண்டிதான் என்று சொன்னார். எத்தனை பேரைக் கீழே ஆஸ்பத்திரிக்கு இறக்கியிருக்கிறேன், ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பேனா? அன்றைக்குத்தான் முடியாது என்றேன். பிரேக் நிற்காது, அந்த மூன்றாம் வளைவில் சறுக்கினால் அவளும் போவாள், பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் போவார்கள் என்றேன். நேத்து நீ ஓட்டிட்டு வந்ததை நாங்க எல்லாம் பாத்தோமே கொமுஹங்கி, ஏறி வந்த வண்டி எறங்காதா என்றார் பஷைஜா. ஏறுவது வேறு இறங்குவது வேறு என்று அந்த மழையில் யாருக்குப் புரியவைப்பது? அவர் கட்டுரேபேக்குப் போன் போட்டார், அவன் சத்தமாகவே சொன்னான், வண்டி நல்லாருக்கு, அம்மாதான் பயப்படுறாங்க. பிறகு உனக்குப் போட்டார், நீ சொன்னது உனக்கே தெரியும். சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு நின்றேன். மவன் அரபு நாட்டுக்குப் போனதும் சீட்டுல சேறு படக் கூடாதுன்னு ஆயிடுச்சு பாரு என்று ஒருத்தி சொன்னாள், யார் என்று எழுதமாட்டேன்.

டோலியில் வைத்துத்தான் தூக்கிப்போனார்கள். நானும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன், யாரும் போ என்றும் சொல்லவில்லை வா என்றும் சொல்லவில்லை. பாதி வழியில், சோளக்காட்டு ஓரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. என் கையில்தான் வாங்கினேன், அழவே இல்லை. ஒரிஷாபாவை மட்டும் உயிரோடு கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் டோலிப் பட்டியலிலிருந்து நம் வீட்டுப் பெயரை நீக்கிவிட்டார்கள். தோளும் குடுக்கல வண்டியும் குடுக்கல, அப்புறம் எதுக்கு என்று கேட்டார் பஷைஜா. இனி நான் இந்த மலையில் விழுந்து கிடந்தால் தூக்க ஆள் வராது, புரிகிறதா உனக்கு?

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது, அந்தப் பெடலேதான் நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பாதிரியாரின் வண்டி நின்றிருந்தது, நம் வண்டி மாதிரியேதான். நல்ல உடுப்போடு சேற்றில் மண்டி போட்டுச் சக்கரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தேன், ஊரே பார்த்தது, இவளுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவர் வண்டியில் காற்று விடும் நிப்பிள் காலிப்பரின் மேல் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து நம் வண்டியைப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கீழே இருந்தது. இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கம் மாட்டியிருக்கிறான் உன் சிநேகிதன், வலப்பக்கத்தில் இருந்ததை இடப்பக்கம்! காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், கீழே திறந்தால் ஆயில்தானே வரும்? வருஷம் முழுக்கத் திறந்தாலும் அப்படித்தான்.

போனில் சொன்னதும் கட்டுரேபே மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தான். எல்லோரும் காட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தான். மாற்றி மாட்டி, என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லி நிப்பிளைத் திறந்தான், குழாயில் காற்று புசுபுசுவென்று குமிழ் குமிழாக வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, நான் சொன்னது உண்மை, நான் பொய்க்காரி இல்லை என்று. அந்தச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது மகனே. ஓடிப்போய் பஷைஜாவைக் கூட்டிவந்து முதலில் அந்த மெத்தென்ற பெடலை மிதிக்கவைத்திருக்க வேண்டும், அந்தக் குமிழ்களைக் காட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை. பெடல் கல் மாதிரி ஆனது, அவன் கையைத் துடைத்துக்கொண்டு, சின்ன விஷயம்மா, இதைப் போயி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது யார் கேட்டாலும், சும்மா காத்துதான் எடுத்தேன், வண்டி முன்னயும் நல்லாத்தான் இருந்துச்சு என்கிறான். அவன் வாயில் மண் விழ.

போன வாரம் ஒரிஷாபா வந்தாள். தனியாக, மாமனாருக்குத் தெரியாமல். காலில் வீக்கம் இன்னும் வடியவில்லை. பெரியம்மா, அன்னைக்கி வண்டியில போயிருந்தா எம்புள்ள பொழச்சிருக்குமா என்று கேட்டாள். காலிப்பரைப் பற்றி, காற்றைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, நான் மிதிச்சுப் பாக்கட்டுமா என்றாள். கதவைத் திறந்து உட்கார்ந்து அந்த வீங்கின காலால் மிதித்தாள். நின்றது. இன்னொரு தடவை மிதித்தாள். கெட்டியாத்தான இருக்கு பெரியம்மா என்றாள். திட்டவில்லை, அழவில்லை, கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். அன்றைக்கும் பெடல் இப்படித்தான் இருந்தது என்றுதானே நினைத்துக்கொண்டு போயிருப்பாள்?

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உன் தலைமேல் இருக்கட்டும். ஐஸ் தண்ணீர் குடிக்காதே. கட்டுரேபேயோடு சண்டை போட வேண்டாம், அதனால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை. ஒரிஷாபாவுக்கு மட்டும் போன் செய். வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்தவன் நான்தான் என்று உன் வாயால் சொல். மறந்துவிடாதே.

உன் அம்மா,
கொமுஹங்கி