நான் கூப்பிடாத பேர்

நேற்று உங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். உங்கள் மகள், மருமகன், பரண்மேல் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கித் தர வந்த எதிர்வீட்டுக்காரர், நான். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து எண்ணித்தான் எழுதுகிறேன் அக்கா.

பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பாச்சா உருண்டையும் காய்ந்த யானை லத்தியும் கலந்த வாசனை. வாத்தியார்களுக்குக் காட்டுவதற்கென்று பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தீர்களே, அந்த லத்தி உருண்டை இன்னும் உடையாமல் இருக்கிறது. உங்கள் மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாசனை என்னை நேராக அந்த ஓடைக்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நீங்கள் என்னை முதன்முதலில் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது என் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையெல்லாம் படித்துப் படித்து எழுத்தைப் பிடித்தவள். வெளுக்கப் போன துணி, திரும்பி வந்த துணி, சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாவற்றுக்கும் நோட்டு வைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து தயிருக்கு உறை வாங்க வந்த நீங்கள் அதைப் புரட்டிவிட்டு, “அம்மணி, நாங்க பள்ளிக்கூட வாத்தியாருங்களுக்குக் காட்டைப் பத்தி, மிருகங்களைப் பத்திப் பயிற்சி நடத்தறோம். சாப்பாடும் எண்ணிக்கையும் பாத்துக்க ஆள் வேணும். நீ வந்துடு” என்றீர்கள்.

நான் மாரியம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்டேன். பூ வலது பக்கம் விழுந்தால் அம்மன் உத்தரவு. விழுந்த பிறகுதான் சரி என்று சொன்னேன். “மாரியாத்தா சொன்னாத்தான் வருவியா? நான் சொன்னா வர மாட்டியா?” என்று சிரித்தீர்கள்.

முதல் முகாம் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அப்போது அங்கே சுற்றிலும் சோளக்காடுதான். பாம்பைப் பற்றி நீங்கள் பேசும்போது ஒரு வாத்தியார் காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். “சார், நான் படத்தைத்தானுங்க காட்டறேன்” என்றீர்கள். அறையே சிரித்தது. இப்படிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் நீங்கள் விஷயத்துக்கு வருவீர்கள். வாத்தியார் ஒருவர் பயம் தெளிந்தால் நாற்பது குழந்தைகள் கல்லை எடுக்க மாட்டார்கள் என்பீர்கள்.

எனக்கு நீங்கள் கொடுத்த விதி ஒன்றுதான். காட்டுக்குள் போகும்போது, கிளம்பும் முன்னும் ஒவ்வொரு இடத்தில் நின்று புறப்படும் முன்னும் எண்ண வேண்டும். “பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அவங்க வாயால ‘இருக்கேன்’னு சொல்லணும். மூஞ்சியப் பாத்துட்டு டிக் போடணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அது எண்ணிக்கை இல்ல.”

தலையை ஆட்டினேன். இரண்டு வருஷம் அப்படியே செய்தேன்.

ஆனைமலை அடிவாரத்தில் நடந்த முகாமுக்கு வந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். பட்டியலை நீங்கள் முந்தின நாள் கொடுத்தீர்கள். பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது என் வீட்டுக்காரர் பேர். அதே பேர், அதே முதலெழுத்து. கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடக் கார்டை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் மாமியார் சொல்லியிருந்தார். அது உண்மையா என்று நான் யோசித்ததில்லை. யோசிக்கவே பயம். இதை உங்களிடம் சொல்லியிருக்கலாம். படித்தவர்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. காலையில் கிளம்பும்போது, கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லிப் பக்கத்தில் இருந்த ஒரு டீச்சரிடம் பட்டியலைக் கொடுத்துப் படிக்க வைத்தேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது.

வனத்துறை வாட்ச்சர் முன்னால் போக, எல்லோரும் ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கேனில் கொண்டுவந்த டீயை எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு டம்ளர், இருபத்தெட்டு டம்ளர். குடித்துவிட்டு ஓடையில் கழுவி என் கூடையில் போடச் சொன்னேன். போட்டார்கள். கூடையில் இருபத்தெட்டு இருந்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இதுவே எண்ணிக்கைதானே, எதற்குப் பேர் கூப்பிட வேண்டும் என்று.

“ஆச்சா அம்மணி?”

“இருபத்தெட்டும் ஆச்சுங்க்கா.”

“கூப்பிட்டியா?”

“கூப்பிட்டனுங்க்கா.”

“மூஞ்சியப் பாத்தியா?”

“பாத்தனுங்க.”

மூன்று பொய். மூன்றையும் என் கண்ணைப் பார்த்துக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு வாட்ச்சருக்குக் கையைக் காட்டினீர்கள். புறப்பட்டோம்.

முகாம் நடந்த விடுதிக்கு வந்து சேர அரைமணி ஆனது. முன்வாசலில் எல்லோரையும் வட்டமாக நிறுத்தினீர்கள். நூல்கண்டு விளையாட்டு. ஒருவர் மரம், ஒருவர் மான், ஒருவர் புலி, ஒருவர் மண். யாருக்கு யார் உணவோ அவருக்கு நூலை வீச வேண்டும். கடைசியில் எல்லோர் கையிலும் நூல் இருக்கும். ஒருவர் விட்டால் மொத்த வலையும் தளரும். இருபத்தெட்டு சீட்டு எழுதி வைத்திருந்தீர்கள். கொடுத்து முடித்த பிறகும் உங்கள் கையில் ஒரு சீட்டு இருந்தது. அதில் ‘மூங்கில்’ என்று எழுதியிருந்தது.

“மூங்கில் யாரு? சீட்டு வாங்காதவங்க யாருங்க?” என்று கேட்டீர்கள். யாரும் வரவில்லை. நீங்கள் வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

“யாரு இல்ல, அம்மணி?”

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அந்தப் பேரைச் சொல்ல முடியவில்லை. “எங்க ஊட்டுக்காரர் பேருங்க்கா” என்றேன். வட்டத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பட்டியலை என் கையிலிருந்து வாங்கி நீங்களே அந்தப் பேரைக் கூப்பிட்டீர்கள். மூன்று தடவை கூப்பிட்டீர்கள். பதில் வரவில்லை.

அவரோடு ஒரே பள்ளியிலிருந்து வந்த வாத்தியார் முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “அவரு டம்ளரையும் நான்தானுங்க கழுவிக் கொண்டாந்து போட்டேன். ‘நீங்க போங்க, இதோ வாரேன்’னாருங்க. பின்னாலயே வாராருன்னு நெனைச்சுப்போட்டேன்.”

வாட்ச்சர் வெயிலைப் பார்த்தார். “ஆனை தண்ணிக்கு எறங்கற நேரமுங்க டீச்சர். சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம்” என்றார்.

நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டீர்கள். நானும் வருகிறேன் என்றேன். “நீ இரு. இருக்கறவங்கள எண்ணிக்கிட்டே இரு. இன்னொருத்தர் போயிரக் கூடாது” என்று சொல்லிவிட்டு வாட்ச்சர் பின்னால் நடந்தீர்கள். மூங்கில் புதருக்குப் பின்னால் உங்கள் சேலை நிறம் மறைந்தது.

எண்ணினேன் அக்கா. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் வாங்கினேன், முகத்தைப் பார்த்தேன். இருபத்தேழு. மறுபடியும் முதலிலிருந்து. இருபத்தேழு. காட்டுக்குள் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. பட்டாசு வெடித்த மாதிரி. ஒரு டீச்சர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலையெல்லாம் கேலி பேசிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், தன் பேரை நான் கூப்பிடுவதற்கு முன்பே “இருக்கேனுங்க, இருக்கேனுங்க” என்றார். பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் நான் நின்றேன். மாசாணியம்மா, அவரைக் கொண்டு வந்துவிடு, டீச்சரக்காவைக் கொண்டு வந்துவிடு என்பதைத் தவிர வேறு வேண்டுதல் எனக்கு வரவில்லை. எத்தனை தடவை எண்ணினேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

சாயங்கால வெயில் மரத்தின் உச்சிக்கு ஏறிய பிறகு மூன்று பேர் வந்தீர்கள். அந்த வாத்தியார் நடுவில். செருப்பில்லை. நீங்கள் வாட்ச்சர் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்து இழுத்து வந்தீர்கள். ஓடைப் பாறையில் வழுக்கி முழங்கால் போயிருந்தது. இருவாச்சிப் பறவையின் சிறகுச் சத்தம் கேட்டு அவர் ஓடையைத் தாண்டி அக்கரைப் பாறைமேல் ஏறியிருக்கிறார். இறங்கப் பார்த்தபோது, நாம் டீ குடித்த அதே இடத்தில் மூன்று ஆனைகள் நின்றனவாம். அவை நகரும்வரை நீங்கள் இருவரும் இக்கரையில் மரத்தோடு மரமாக நின்றீர்களாம்.

நீங்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. “இருபத்தெட்டு” என்று மட்டும் சொன்னீர்கள்.

திரும்பும்போது வண்டியில் அந்த வாத்தியார் எனக்கு முன் இருக்கையில் இருந்தார். பாதி வழியில் திரும்பி, வேறு யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார். “ஏனுங்கம்மா, நீங்க டம்ளரத்தான எண்ணுனீங்க? நான் பாத்தனுங்க. பாறைமேல உக்காந்திருந்தப்ப அது ஒண்ணுதானுங்க நெனப்பு. என் டம்ளர் போயிருச்சே, இனி என்னைத் தேட மாட்டாங்களேன்னு.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் என்னிடம் இருக்கிறது.

மேலிடத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ‘எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டியது என் பொறுப்பு. தவறு என்னுடையது.’ அவ்வளவுதான். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் உங்களுக்கு முகாம் கொடுக்கவில்லை. உங்கள் கால் கடைசிவரை சரியாகவில்லை. நீங்கள் படியேறும் சத்தம், ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும், எங்கள் வீடுவரை கேட்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை என்னை ஆனைமலைக்கு, மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனீர்கள். எதற்கு என்று சொல்லவில்லை. அநியாயம் செய்தவர்களை நினைத்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசும் இடம் அது. பெண்கள் வரிசையாக அரைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அங்கே போய் நின்றீர்கள். அந்த வாத்தியார் உங்களிடம் சொல்லிவிட்டார், என் பேரில் அரைக்கப் போகிறீர்கள் என்றே நினைத்தேன். நீங்கள் ஒரு பெண்ணை அம்மியை விட்டுக் கொஞ்சம் நகரச் சொல்லி, அந்த இடைவெளியில் காலை ஊன்றித் தாண்டிப் போனீர்கள். அவ்வளவுதான். முழங்காலுக்காக எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினீர்கள்.

“ஏ அம்மணி, கண்ணுல தண்ணி?”

“மொளகா நெடிங்க்கா.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மறுபடி முகாம் தொடங்கியபோது நீங்கள் கொடுத்த பட்டியல் வேறு மாதிரி இருந்தது. ஆட்களின் பேர் இல்லை. ‘சூலூர் டீச்சர்’, ‘அன்னூர் சார்’, ‘வால்பாறை எஸ்டேட் பள்ளி டீச்சர்’ என்று ஊர்தான் எழுதியிருந்தது. “எந்த ஊருன்னு வாத்தியாருங்களுக்கே ஒருத்தருக்கொருத்தர் தெரியட்டும், அதான்” என்றீர்கள். நானும் நம்பினேன். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எத்தனையோ முகாம்களில் கூப்பிட்டேன், பதில் வாங்கினேன், முகம் பார்த்தேன். ஒருவர்கூடக் குறைந்ததில்லை.

நேற்று பெட்டியில், லத்தி டப்பாவுக்குக் கீழே, அந்தப் பட்டியல்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு தாளைக் குண்டூசி குத்தி வைத்திருந்தீர்கள். அலுவலகத்திலிருந்து தட்டச்சு செய்து வந்த அசல் பட்டியல். அதில் எல்லோருக்கும் பேர் இருக்கிறது. இரண்டு பட்டியலில் அந்தப் பேரும் இருக்கிறது. நீங்கள் அத்தனையையும் உட்கார்ந்து உங்கள் கையால் ஊர்ப் பேருக்கு மாற்றி எழுதியிருக்கிறீர்கள், முகாமுக்கு முகாம்.

உங்கள் மகள் இந்தச் சனிக்கிழமை, உங்கள் நினைவாக, வாத்தியார்களை மறுபடியும் அதே காட்டுக்குக் கூட்டிப்போகிறாள். “சித்தி, எண்ணிக்கைக்கு நீங்கதான் வரணும். அம்மா அடிக்கடி சொல்லுவாங்க, உங்க எண்ணிக்கை தப்பாதுன்னு” என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தாள். முப்பத்தொரு பேர். எல்லாம் ஆட்களின் பேர்தான். பன்னிரண்டாவது அந்தப் பேர். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை போலிருக்கிறது.

இன்று காலை அடுப்படியில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று வந்து, பன்னிரண்டில் நின்று, சாமி படத்தைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பேரைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

கூடத்திலிருந்து அவர், “ம்ம்? இங்கதான் இருக்கேன், என்ன வேணும்?” என்றார்.

எட்டிப் பார்த்தேன். பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தேன். கைப்பழக்கத்தில் டிக் போட்டுவிட்டேன்.

இப்போதும் பயம் போகவில்லை அக்கா. கல்யாண வீட்டில், பஸ்ஸில், கோயில் வரிசையில், எங்கே நின்றாலும் முகம் முகமாக எண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன். உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அது ஒன்றுதான். ஆனால் பொய் சொன்ன வாயோடு மறுபடி அந்த ஓடைக்கரையில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு நான் கூப்பிடவில்லை. உங்களுக்கு அது தெரியுமா? தெரிந்துதான் அறிக்கையில் உங்கள் தவறு என்று எழுதினீர்களா? தெரிந்துதான் இழுத்து இழுத்து நடந்து வந்து எனக்குத் தயிர் உறை கேட்டீர்களா?

இந்தத் தடவை மாரியம்மனிடம் கேட்கப் போவதில்லை. உங்கள் படத்தின்மேல் ஒரு பூ வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.